நவம்பர்ல பின்லாந்து: நுவரெலியாக் குளிர் பழகினவங்களுக்கு என்ன தயாரிப்பு வேணும்?

நானுஓயாக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். தம்பி நவம்பர் முதல் கிழமை பின்லாந்துக்கு வேலைக்குப் போறான். இடம் ஔலு நகரம், வரைபடத்துல பார்த்தா நாட்டோட நடுப்பகுதியில மேற்குக் கடற்கரை. கட்டிடத் துப்புரவு வேலை, காலை 6 மணிக்குத் தொடங்கும். தங்குற இடத்துக்கும் வேலைக்கும் நடுவுல 3 கிலோமீற்றர்.

வீட்டுல ஆளுக்கொரு கருத்து. அப்பா, "நானுஓயாவுல தை மாசக் காலையில ஜெர்சியோட போற பிள்ளைக்கு நவம்பர் என்ன செய்யும், அங்க மார்கழிக்குப் பிறகுதானே குளிர்"ங்கிறார். அம்மா மைனஸ் 30க்குப் போடுற மாதிரி ஒரு தடிச்ச ஜக்கெட்டைப் பார்த்து வச்சிருக்காங்க. அது மட்டும் 3 கிலோ இருக்கும். பெட்டிக்கு அனுமதி 23 கிலோதான்.

நவம்பர் மாசம் முழுக்க அங்க உண்மையில எப்படி இருக்கும்? எதை இங்க நுவரெலியா பேல் பஸார்ல (குளிர் உடுப்பு விக்கிற கடைகள்) வாங்கிக்கிட்டுப் போறது, எதை அங்க போய் வாங்குறது? 6 மணி வேலைக்கு நடந்து போறதுல என்ன கவனிக்கணும்? அனுபவம் உள்ளவங்க விவரமாச் சொன்னா நல்லது.

---

வடகடல்:

தங்கச்சி, அப்பாவும் அம்மாவும் சொல்றது ரெண்டுமே நவம்பருக்குப் பொருந்தாது. ஔலுவுல நவம்பரோட மாதச் சராசரி உறைநிலைக்கு ஓரிரு பாகை கீழே. வானம் தெளிஞ்ச இரவுகள்ல மைனஸ் 15 வரைக்கும் இறங்கலாம், ஆனா மாசத்துல கூடுதலான நாள் பிளஸ் 4க்கும் மைனஸ் 6க்கும் இடையிலதான் ஓடும். ஆபத்தே அந்த எல்லையிலதான் இருக்கு. மைனஸ் 15ல எல்லாம் காய்ஞ்சு கிடக்கும், பனி மணல் மாதிரி உதிரும், உடுப்பு நனையாது. பூச்சியத்தைச் சுத்தி நிக்கிற நாள்ல காலையில மழைத்தூறல், மத்தியானம் ஈரப்பனி, ராத்திரி எல்லாம் இறுகி ஐஸ். தம்பி தயாராக வேண்டியது ஈரத்துக்கும் வழுக்கலுக்கும் இருட்டுக்கும். மைனஸ் 30 பத்தி ஜனவரியில யோசிக்கலாம்.

முதல்ல வெளிச்சம். ஔலு 65 பாகை வட அகலக்கோட்டுல இருக்கு. நவம்பர் 1ம் திகதி சூரியன் காலை 8 மணி தாண்டி உதிச்சு பின்னேரம் 4 மணிக்கு மறையும், பகல் 8 மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. 30ம் திகதி வரும்போது உதயம் 9.45 போல, மறைவு 2.30 போல. ஒரே மாசத்துல 3 மணித்தியாலத்துக்கு மேல பகல் குறையுது, அதாவது நாளுக்கு 6 நிமிசம் அளவு. மாசக் கடைசியில நண்பகல் சூரியனோட உயரம் மூன்றரைப் பாகைதான். கையை முழுக்க நீட்டி அடிவானத்துல ரெண்டு விரலைப் படுக்க வச்சா, அதுக்கு மேல சூரியன் நிக்கும். எதிர்ல ஒரு மாடிவீடு இருந்தாப் போதும், சூரியனே தெரியாது. ஆனா அந்தி நீளம். நம்மூர்ல சூரியன் விழுந்து 20 நிமிசத்துல விளக்கு வேணும். அங்க நவம்பர் கடைசியில உதயத்துக்கு முன்னும் மறைவுக்குப் பின்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல மங்கல் வெளிச்சம் இருக்கும். ஆக 8.30ல இருந்து 3.45 வரைக்கும் விளக்கில்லாம நடமாடலாம். தம்பியோட 6 மணி வேலைக்கு இது எதுவும் உதவாது. மாசத்தோட முதல் நாள்ல இருந்தே அவர் முழு இருட்டுலதான் போவார்.

அதனால முதல் சாமான் பிரதிபலிப்பான். இருட்டுல நடக்கிறவங்க பொதுவா அதைப் போட்டிருக்கணும்னு அங்க சட்டமே இருக்கு. கறுப்பு ஜக்கெட் போட்ட ஆளை, கார்க்காரர் தாழ்த்தின விளக்குல 50 மீற்றர் கிட்ட வந்தாத்தான் பார்ப்பார். பிரதிபலிப்பான் இருந்தா 150 மீற்றர்லயே பளிச்சுனு தெரியும். ஈர வீதியில 50 மீற்றருக்குள்ள கார் நிக்காமப் போக நிறைய இடமிருக்கு. தொங்குற வகையா இருந்தா ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு, முழங்கால் உயரத்துல ஆடுற மாதிரி. தாழ்த்தின விளக்கோட ஒளி அந்த உயரத்துலதான் படும். தோள்ல, முதுகுப்பையில மேலே மாட்டுறது அழகுக்குச் சரி. கீறல் விழுந்து மங்கிப்போனா மாத்தணும், விலை சொற்பம்.

இனி உடுப்பு. இங்க பேல் பஸார்ல வாங்கக்கூடியது: உடம்போட ஒட்டின உள்ளுடுப்பு 2 சோடி (கம்பளி அல்லது செயற்கை நூல்), ஃபிளீஸ் சட்டை 2, காதை மூடுற தொப்பி, கழுத்தைச் சுத்தி மூடுற குழாய்த் துணி, மெல்லிய கையுறை. பருத்தி வேண்டவே வேண்டாம். 3 கிலோமீற்றர் வேகமா நடந்தா வேர்க்கும். பருத்தி அந்த வேர்வையைப் பிடிச்சு வச்சுக்கும், நின்ன உடனே முதுகு சில்லிடும். டெனிம் காற்சட்டையும் இதே கதைதான், நனைஞ்சா காய நாளாகும்.

அம்மா பார்த்து வச்ச ஜக்கெட் இறகு நிரப்பினதா இருந்தா, நவம்பருக்கு அதைவிடப் பொருத்தமில்லாத ஒண்ணு கிடையாது. இறகு நனைஞ்சா கட்டியாகி சூட்டைப் பிடிக்காது. நவம்பருக்கு மழையும் காற்றும் புகாத மெல்லிய மேலுடுப்பு ஒண்ணு, அதுக்குள்ள ஃபிளீஸ். தேவைக்கு ரெண்டு போடலாம், ஒண்ணைக் கழட்டலாம். மைனஸ் 5ல செக்கனுக்கு 8 மீற்றர் காற்று அடிச்சா, மூடாத தோலுக்கு அது மைனஸ் 13 மாதிரி. ஔலு கடலோர ஊர், காற்றுக்குக் குறைவில்லை.

நுவரெலியாவோட பெரிய வித்தியாசம் ஒண்ணு இருக்கு. நம்ம வீடுகள்ல வெளியே 10 பாகைன்னா உள்ளேயும் 13, 14தான். ஜெர்சி போட்டு உக்காருவோம், கம்பளியைப் போர்த்திப் படுப்போம். அங்க வீடு, பஸ், கடை, வேலையிடம் எல்லாமே 20, 21 பாகை. தடிச்ச ஒரே உடுப்பு போட்டுக்கிட்டுப் பஸ்ல ஏறினா 10 நிமிசத்துல வேர்த்து, இறங்கும்போது ஈர உடம்போட குளிர்ல நிப்பாங்க. கழட்டக்கூடிய அடுக்குகள் வேணும்னு சொல்றதுக்குக் காரணம் அதுதான்.

சப்பாத்தை மட்டும் இங்க வாங்க வேண்டாம். அங்க போய் முதல் நாள் வாங்கணும். வழக்கமான அளவைவிட ஒரு அளவு கூட, தடிச்ச கம்பளி மேசு போட்ட பிறகும் விரலை அசைக்க இடம் இருக்கணும். இறுக்கமான சப்பாத்துல ரத்த ஓட்டமும் குறையும், சூட்டைப் பிடிக்கிற காற்றும் இருக்காது. அடிப்பாகம் மிருதுவான ரப்பர். நகத்தால அழுத்தினா பள்ளம் விழணும். இங்க விக்கிற மலிவான சப்பாத்தோட அடி குளிர்ல கல்லாட்டம் இறுகி வழுக்கும். செலவைக் குறைக்கணும்னா அங்க பழைய சாமான் கடைகள் எல்லா ஊர்லயும் உண்டு, "கிர்ப்புத்தோரி"ன்னு கேட்டாக் காட்டுவாங்க. நல்ல மேலுடுப்புகளை அங்க மலிவா எடுக்கலாம்.

---

பனிப்புல்:

மேல சொன்ன "எல்லை"யைப் பத்தி இன்னும் கொஞ்சம். நுவரெலியாக்காரருக்கு இது விளங்குறது சுலபம், ஏன்னா தைமாசி உறைபனியும் அந்த வீதி ஐஸும் ஒரே காரணத்தால வர்றவை.

ஜனவரி, பெப்ரவரியில மேகமில்லாத, காற்றில்லாத ராத்திரிக்குப் பிறகு குதிரைப் பந்தயத் திடல் பக்கம் புல் வெள்ளையாக் கிடக்கும். அன்னிக்கு வெப்பமானி 3 அல்லது 4 பாகை காட்டும். பூச்சியத்துக்குப் போகாம எப்படி உறைஞ்சது? வெப்பமானி தரையில இருந்து ஒன்றரை மீற்றர் அளவு மேலே, பெட்டிக்குள்ள இருக்கு. தரையும் புல்லும் தங்களோட வெப்பத்தை நேரா வானத்துக்கு இழக்குது. மேகம் இருந்தா அது கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும், தெளிஞ்ச வானத்துல திரும்பி வர்றது குறைவு. அதனால புல் நுனி காற்றைவிட நாலஞ்சு பாகை குளிரும். குளிர்ந்த காற்று பாரம் கூடினதால சரிவுல இறங்கிப் பள்ளத்துல தேங்கும். தேயிலையிலயும் பள்ளத்துச் செடிதான் முதல்ல கருகும், மேட்டுச் செடி தப்பிடும்.

இதை ஔலு வீதிக்குப் பொருத்துங்க. தொலைபேசியில வானிலை பிளஸ் 2ன்னு காட்டும். ஆனா பின்னேரம் தூறி, ராத்திரி வானம் தெளிஞ்சிருந்தா வீதியோட மேற்பரப்பு உறைநிலைக்குக் கீழே போயிருக்கும். அந்த ஐஸ் கண்ணாடி மாதிரி மெல்லிசு, தார் நிறம் அப்படியே தெரியும், ஈர வீதின்னு நினைச்சுக் காலை வைப்பாங்க. தெருவிளக்குக்குக் கீழ வீதி ஈரமா மின்னுது, ஆனா போற கார்ச் சில்லுல தண்ணி தெறிக்கலன்னா அது தண்ணி இல்லை. பாலங்கள் இன்னும் மோசம். மேலேயும் கீழேயும் குளிர்காற்று படுறதால மத்த இடத்துக்கு முன்னாடியே உறையும். ஆற்றைக் கடக்கிற நடைபாலம் தம்பியோட வழியில இருந்தா அந்த இடத்துல வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்க.

ஆகக் கொடியது, ஏற்கெனவே இருக்கிற ஐஸ் மேல மழை பெய்யிறது. ஐஸுக்கு மேல மெல்லிய தண்ணிப் படலம் நிக்கும்போது எந்த ரப்பரும் பிடிக்காது. ரெண்டாவது, ஐஸை மூடின புதுப்பனி. பார்க்கிறதுக்கு மெத்தென்று இருக்கும், கீழ என்ன இருக்குன்னு தெரியாது. பகல்ல மிதிபட்டுக் கரைஞ்ச பனி ராத்திரி அப்படியே கால்தடம் தடமா இறுகிப்போறதும் கணுக்காலை முறுக்கும், ஆனா அது கண்ணுக்குத் தெரியிறதால பரவாயில்லை.

இன்னொரு விசயத்தை நம்ம ஆட்கள் தவறா எதிர்பார்ப்பாங்க. நுவரெலியாவுல குளிர் விடியக்காலையோட உச்சம், சூரியன் ஏறினா 9 மணிக்குள்ள விலகிடும். பகலுக்கும் இரவுக்கும் 10 பாகை வித்தியாசம் வழக்கம். அங்க நவம்பர்ல சூரியன் 10 பாகை உயரத்துல இருந்து மூன்றரைக்கு இறங்குது, தரையைச் சூடாக்குற பலம் அதுக்கு இல்லை. வெப்பநிலையைத் தீர்மானிக்கிறது காற்றுத் திசையும் மேகமும். தென்மேற்கில இருந்து அத்திலாந்திக் காற்று வந்தா ராத்திரி 12 மணிக்குக் கூட பனி கரையும். வடக்கு, கிழக்குக் காற்று வந்து வானம் தெளிஞ்சா மத்தியானமே மைனஸ் 10. மேகம் மூடின நாள் கொஞ்சம் இதமான நாள், நீல வானம் தெரிஞ்சா கூடுதலாப் போட்டுக்கிட்டுப் போகணும். அதனால "காலை, மதியம், மாலை"ன்னு பார்க்காம மணித்தியாலக் கணக்குல வர்ற முன்னறிவிப்பைப் பார்க்கணும். அந்த நாட்டு வானிலை நிறுவனம் நடக்கிறவங்களுக்குன்னே வழுக்கல் எச்சரிக்கை தனியா வெளியிடுது. படுக்கப் போறதுக்கு முன்னாடி அதைப் பார்த்தாப் போதும், காலையில 15 நிமிசம் முந்தி இறங்கணுமா இல்லையான்னு தெரிஞ்சிடும்.

---

வடகடல்:

பனிப்புல் சொன்ன தண்ணிப் படல ஐஸுக்கு ஒரே வழி ஆணி. ரெண்டு விதம் இருக்கு. சப்பாத்து அடியிலேயே சிறு உலோக ஆணி பதிச்சு வர்றது ஒண்ணு. சாதாரண சப்பாத்து மேல மாட்டிக் கழட்டுற ரப்பர்ப் பட்டை மற்றது. தம்பிக்கு நான் பட்டையைத்தான் சொல்வேன். ஏன்னா ஆணிச் சப்பாத்தோட ஓடு பதிச்ச தரையில, கடை வாசல்ல நடந்தா அதுவே வழுக்கும். துப்புரவு வேலை செய்யிற இடத்துத் தரையும் கீறுபடும். கட்டிட வாசல்ல கழட்டிப் பையில போட்டுக்கலாம். குதிகாலுக்கு மட்டும், முன்பாதத்துக்கு மட்டும், முழுப் பாதத்துக்கும்னு மூணு வகை. நடக்கும்போது முதல்ல தரையைத் தொடுறது குதி, அதனால குதியில ஆணி இல்லாத வகையை விட்டுடுங்க. வாங்கும்போது அதே சப்பாத்தைப் போட்டுக்கிட்டுப் போய் மாட்டிப் பார்க்கணும். தளர்வா இருந்தா வழியில கழண்டு விழும், இருட்டுல தேட முடியாது.

நடக்கிற முறையும் மாறணும். அடி குட்டையா, பாதம் முழுக்கத் தட்டையாப் படணும், உடம்புப் பாரம் முன்காலுக்கு நேர் மேல. கை ரெண்டும் பொக்கெட்டுக்கு வெளியே இருக்கணும், கையுறை அதுக்காகத்தான். கொழுந்துக் கூடையோட ஈர மலையில இறங்குற பெண்கள் நடக்கிறதைத் தம்பி சின்ன வயசுல இருந்து பார்த்திருப்பார். அதே நடைதான்.

மாநகராட்சி நடைபாதைகள்ல சிறு சல்லி தூவும், ஆனா புதுப்பனி விழுந்தா சல்லி அடியில போயிடும். உப்பை நம்பவே வேண்டாம், கடுங்குளிர்ல உப்பு மெதுவாத்தான் வேலை செய்யும். நடைபாதைகள்ல சல்லிதான் பெரும்பாலும்.

சப்பாத்து உள்ளே நனைஞ்சா உள்தட்டைக் கழட்டித் தனியாக் காய வைக்கணும். உள்ளே பழைய பத்திரிகைத் தாளைச் சுருட்டி அடைச்சு, ரெண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு தாளை மாத்துங்க. சூடேத்தி மேல நேரா வச்சா பசை விட்டு அடி கழண்டுடும். மாற்று உள்தட்டு ஒரு சோடி, மாற்று மேசு ஒரு சோடி வேலைப் பையிலேயே இருக்கட்டும்.

---

தாதிமகள்:

உடம்பைப் பத்தி யாரும் சொல்லலை, அதனால நான் எழுதுறேன்.

அந்த அகலக்கோட்டுல ஒக்டோபர்ல இருந்து மார்ச் வரைக்கும் சூரியன் தாழ்வா இருக்கிறதால, தோல் விட்டமின் டி தயாரிக்கத் தேவையான புற ஊதாக் கதிர் தரைக்குப் போதுமான அளவு வராது. நம்ம மாதிரிக் கருந்தோலுக்கு அதே அளவு தயாரிக்கக் கூடுதல் வெயில் வேணும், ஆக நமக்கு இன்னும் குறைவு. வளர்ந்தவங்களுக்கு அங்க சொல்ற அளவு ஒரு நாளைக்கு 10 மைக்ரோகிராம், மாத்திரைப் பெட்டியில 400 அலகுன்னும் போட்டிருக்கும். பாலுலயும் மாஜரினுலயும் சேர்த்துத்தான் விப்பாங்க. பால் 100 மில்லிலீற்றர்ல 1 மைக்ரோகிராம் இருக்கும். ஒரு நாளைக்கு அரை லீற்றர் குடிச்சா பாதி வந்துடும். பால், மீன் சாப்பிடாதவங்க மாத்திரையை விடக்கூடாது. அதிகம் போட்டா நல்லதுன்னு நினைச்சு அளவைக் கூட்டவும் கூடாது, இது உடம்புல தேங்குற விட்டமின். ஏதாவது நோய்க்கு மருந்து எடுக்கிறவங்க முதல்ல வைத்தியர்கிட்டக் கேட்கணும்.

அடுத்தது காற்றோட வறட்சி. நம்மூர்ல அலுமாரிக்குள்ள உடுப்பு பூஞ்சணம் பிடிக்கும், அங்க நேர்மாறு. வெளியே பூச்சியம் பாகையில காற்று முழு ஈரத்தோட இருந்தாலும், ஒரு கனமீற்றர்ல 5 கிராம் அளவுதான் நீராவி இருக்கும். அதே காற்று வீட்டுக்குள்ள வந்து 21 பாகைக்குச் சூடானா 18 கிராம் தாங்கக்கூடியது. ஆக வெளியே 100 வீதமா இருந்த ஈரப்பதன் உள்ளே 26 வீதம் ஆயிடும். வெளியே இன்னும் குளிர்ந்தா இன்னும் இறங்கும். உதடு வெடிக்கும், மூக்குக்குள்ள காய்ஞ்சு ரத்தம் கசியும், கால் தோல் அரிக்கும். தம்பி துப்புரவு வேலைங்கிறதால கை இன்னும் கெடும், ஏன்னா சோப்பும் திரவமும் தோலோட எண்ணெயைக் கழுவிடும். குளிச்சுத் துடைச்ச உடனே, தோல் ஈரமா இருக்கும்போதே வாசனை இல்லாத தடிச்ச களிம்பு பூசணும். வெளியே இறங்குறதுக்குச் சற்று முன்னாடித் தண்ணி கூடின மெல்லிய கிரீம் பூசினா முகம் எரியும், அதுக்குக் கொழுப்புக் கூடின களிம்புதான் சரி. வேலையில ரப்பர்க் கையுறைக்குள்ள மெல்லிய துணிக் கையுறை ஒண்ணு போட்டா வேர்வையில தோல் ஊறாது. துவைச்ச உடுப்பை அறைக்குள்ளேயே காயப்போடலாம், ஈரப்பதனும் கொஞ்சம் கூடும். சுவர்ல இருக்கிற காற்று வாயைத் துணியால அடைச்சிட வேண்டாம். நம்ம ஆட்கள் குளிர் வருதுன்னு முதல்ல செய்யிறது அதுதான். சமையல் ஆவி வெளியேற வழியில்லாம ஜன்னல் ஓரத்துல தண்ணி கோர்த்துப் பூஞ்சணம் வரும்.

நித்திரை. நவம்பர் நடுவுல ஆட்களுக்குச் சோர்வு தட்டும், எந்நேரமும் படுக்கணும் போல இருக்கும், இனிப்புத் தேடும். பனி தரையில நிலைக்காத வரைக்கும் இது கூடுதலா இருக்கும், ஏன்னா ஈரத்தார் வெளிச்சத்தை விழுங்கிடும், புதுப்பனி விழுகிற வெளிச்சத்துல 80 வீதத்துக்கு மேல திருப்பி அனுப்பும். 6 மணிக்குத் தொடங்குற வேலை 2 மணிக்கு முடியும்னு வைங்க, மாசக் கடைசியில அவர் வெளியே வரும்போது சூரியன் மறையப் போகுது. அதனால 10 மணி, 11 மணி இடைவேளையில 15 நிமிசமாவது வெளியே போய் நிக்கணும். மேகம் மூடின வானமானாலும் அறை விளக்கைவிடப் பல மடங்கு வெளிச்சம். காலையில 10,000 லக்ஸ் விளக்குக்கு முன்னால அரை மணித்தியாலம் உக்காருறதும் அங்க வழக்கம், அந்த விளக்கு கடைகள்ல கிடைக்கும். கண் நோய் உள்ளவங்க கேட்டுட்டுப் பயன்படுத்தணும். ரெண்டு கிழமைக்கு மேல மனம் தூக்க முடியாத அளவுக்குப் போனா, அதைக் குளிர்ன்னு நினைச்சு விடாம வேலையிடத்துச் சுகாதார சேவைக்குப் போகச் சொல்லுங்க. வெட்கப்பட ஒண்ணுமில்லை.

---

நானுஓயாக்காரி:

எல்லாருக்கும் மிக்க நன்றி. ஜக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க அம்மா சம்மதிச்சுட்டாங்க. இன்னும் ரெண்டு கேள்வி. ஔலுவுல எல்லாரும் குளிர்லயும் சைக்கிள்லதான் போவாங்கன்னு தம்பி சொல்றான், நவம்பர்ல தொடங்கலாமா? மற்றது, அவனோட வேலையிடத்துக்கு ஒரு நீர்நிலையைச் சுத்திப் போகணுமாம். உறைஞ்ச பிறகு குறுக்கால நடந்தா தூரம் குறையும்னு யாரோ சொல்லியிருக்காங்க.

---

வடகடல்:

குறுக்கால நடக்கிறதை முதல்ல சொல்றேன், ஏன்னா அது உயிர் சம்பந்தப்பட்டது. நவம்பர்ல வேண்டவே வேண்டாம்.

ஒரு ஆள் நடக்கிறதுக்குக் குறைஞ்சது 5 சென்ரிமீற்றர் திடமான, தெளிவான ஐஸ் வேணும்னு அங்க சொல்றாங்க. அதுவும் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருந்தாத்தான். நவம்பர் ஐஸ் அப்படி இருக்காது. தண்ணி 4 பாகையிலதான் பாரம் கூடினது. அதனால ஏரி முழுக்க 4 பாகைக்கு வந்த பிறகுதான் மேல்மட்டம் மட்டும் தனியாக் குளிர்ந்து உறையும். ஆழம் குறைஞ்ச ஓரம் முந்தி உறையும், நடு பிந்தும். ஓரத்துல நின்னு தட்டிப் பார்த்துட்டு நடுவுக்குப் போறவங்க விழுறது இப்படித்தான். மேல பனி விழுந்தா அது போர்வையாகி ஐஸ் தடிக்கிறதைத் தடுக்கும், கீழே இருக்கிற வெடிப்பையும் மறைக்கும். நாணல் பக்கம், பாலத்துக்குக் கீழ, ஓடை சேர்ற வாய், கட்டிடத்துல இருந்து வெந்நீர் வர்ற குழாய் வாய், இந்த இடங்கள் மாரி முழுக்க மெலிஞ்சிருக்கும். ஔலு ஆற்றுல நகரத்துக்குள்ளேயே மெரிகோஸ்கி நீர்மின் நிலையம் இருக்கு. ஓட்டம் கூடிக்குறையிற ஆற்று ஐஸை எந்த மாசத்துலயும் நம்ப முடியாது.

பின்னால எப்போவாவது நண்பர்களோட ஐஸ் மேல போற நாள் வந்தா, கழுத்துல மாட்டுற ஐஸ் ஊசிச் சோடி இருக்கணும். விழுந்தா வந்த திசைக்கே திரும்பணும், அந்தப் பக்கம்தான் பாரத்தைத் தாங்கினது. ஊசியைக் குத்தி, காலை உதைச்சு, நெஞ்சால இழுத்து ஏறி, எழும்பாம உருண்டு வரணும். அவசர எண் 112.

சைக்கிள் சரி. ஔலு குளிர்காலச் சைக்கிளுக்குப் பேர்போன ஊர். சைக்கிள் பாதைகள் தனியா இருக்கு, பனியும் ஒழுங்கா வழிப்பாங்க. ஆனா முதல் ரெண்டு கிழமை நடந்து வழியைப் பழகட்டும், பிறகு சைக்கிள் வாங்கட்டும். ஆணி டயர் கட்டாயம். காசு ஒரு டயருக்குத்தான் இருந்தா அதை முன்சில்லுக்குப் போடணும். பின்சில்லு வழுக்கினா கால் ஊன்றித் தப்பலாம், முன்சில்லு வழுக்கினா நேரா கீழதான். காற்றழுத்தத்தை டயர்ல எழுதியிருக்கிற ஆகக் குறைந்த அளவுக்குக் கிட்ட வைங்க. இருக்கையை ஒரு விரற்கடை இறக்குங்க, பாதம் சட்டெனத் தரையைத் தொடணும்.

பெடலைப் பின்னால மிதிச்சா பிடிக்கிற பிரேக் உள்ள பழைய சைக்கிள் அங்க நிறையக் கிடைக்கும். நவம்பருக்கு அதுதான் உத்தமம். கம்பிப் பிரேக்குல ஈரம் உறைக்குள்ள புகுந்து ராத்திரி உறைஞ்சா, பிரேக்கைப் பிடிச்சாலும் அசையாது, அல்லது பிடிச்சது விடாது. சைக்கிளைச் சூடான அறைக்குள்ள கொண்டுபோய்த் திரும்பத் திரும்ப வெளியே எடுக்கிறதுதான் இதுக்கு முக்கிய காரணம். உள்ளே பனி கரைஞ்சு தண்ணியாகி இடுக்குல போகுது, வெளியே வந்ததும் இறுகுது. கூரை உள்ள வெளிக் கொட்டிலே போதும். பூட்டு உறைஞ்சா வெந்நீர் ஊத்தாதீங்க, மறுநாள் இன்னும் இறுகும். பூட்டுக்குன்னு விக்கிற உறைநீக்கித் திரவத்தைச் சைக்கிள் பையில வைக்காம ஜக்கெட் பொக்கெட்ல வச்சிருக்கணும். முன்னால வெள்ளை, பின்னால சிவப்பு விளக்கு, ரெண்டும் இருட்டுல சட்டப்படி கட்டாயம்.

---

ஹட்டன் பஸ்காரர்:

சின்னதா ஒரு சேர்க்கை. அங்க நவம்பர் முதலாம் திகதியில இருந்து மார்ச் கடைசி வரைக்கும், வானிலையோ வீதியோ அப்படி இருந்தா வாகனங்களுக்குக் குளிர்கால டயர் கட்டாயம். டயர் தவாளிப்பு குறைஞ்சது 3 மில்லிமீற்றர் இருக்கணும். தம்பி யாரோடயாவது வாகனத்துல வேலைக்குப் போறதா இருந்தா டயரைப் பார்த்துட்டு ஏறச் சொல்லுங்க. முதல் ஐஸ் விழுற காலையில டயர் மாத்துற இடங்கள்ல வரிசை நீளும், அன்னிக்குப் பழைய டயரோட ஓடுறவங்க இருப்பாங்க. பாதசாரிக் கடவையில கடக்கும்போது கார் முழுசா நின்ன பிறகுதான் காலை வைக்கணும், பிரேக் பிடிச்சதை நம்பி இறங்கக்கூடாது.

பஸ் தரிப்பிடத்துல ஆள் நின்னாலும் கை நீட்டலன்னா பஸ் நிக்காது. இருட்டுல ஃபோன் வெளிச்சத்தையோ பிரதிபலிப்பானையோ ஆட்டிக் காட்டணும். ஃபோனை உள்ளுடுப்புப் பக்கத்துப் பொக்கெட்ல வைக்கச் சொல்லுங்க, குளிர்ல பெட்டரி 30 வீதம் காட்டும்போதே அணைஞ்சுபோகும், அதுல பஸ் டிக்கெட்டும் இருந்தா சிக்கல்தான். வீட்டுக்குக் கதைக்கிற நேரத்தையும் மாத்திக்கங்க: ஒக்டோபர் கடைசி ஞாயிறு அங்க கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னால வைப்பாங்க, அதுக்குப் பிறகு நமக்கும் அவங்களுக்கும் வித்தியாசம் மூன்றரை மணித்தியாலம். தம்பி 2 மணிக்கு வேலை முடிச்சு வெளியே வரும்போது நம்மூர்ல பின்னேரம் 5.30.